கடைசியில் வந்தவனையும் கண்டவர்

வென்றவனை ஊர் தோளில் தூக்கிக்கொண்டு ஆடும். தோற்றவன் எந்தத் தெரு வழியாக வீடு போய்ச் சேர்ந்தான் என்று கேட்பார் இரார். ஆடுகளத்தில் மட்டுமா இந்த வழக்கம்? தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் நம் துறை வாசலில் நின்று பாருங்கள். முதல் மூன்று பெயர்களை எல்லாரும் படிக்கிறோம்; பிறகு அவரவர் பெயரைத் தேடுகிறோம்; அடியில் இருக்கும் பெயரின்மேல் யார் கண்ணும் நிலைப்பதில்லை. அந்த அடிப்பெயருக்கு உரியவனைத் தேடிப்போய், எதிரில் உட்கார்ந்து, அவன் ஓடிய ஓட்டத்தை அவன் வாயாலேயே சொல்ல வைத்தவர் ஒருவர் இருந்தார். அவருடைய வரலாற்றை நம் மன்ற மலரில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அவர் பெயர் பட் கிரீன்ஸ்பான். அமெரிக்கர். வானொலியில் விளையாட்டுச் செய்தி சொல்வதில் தொடங்கி, தொலைக்காட்சிக்கு விவரணப் படம் எடுப்பவராக வளர்ந்தவர். அந்த வகைப் படத்தை இன்று நாம் ஆவணப்படம் என்கிறோம். ஒலிம்பிக் பந்தயங்களைப் படமாக எடுத்தவர் பலர் உண்டு. அவற்றைக் கதையாகச் சொன்னவர்களுள் அவருக்கு நிகராக நான் எவரையும் அறியேன்.

வேலைக்காக வடக்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை நான். எங்கள் வீட்டில் தமிழும் வெளியில் இந்தியுமாக வளர்ந்தவன். அண்டை வீட்டு வானொலியில் கேட்ட இந்தி வருணனைதான் எனக்குக் கிரிக்கெட்டைக் கற்றுக்கொடுத்தது. பந்தையும் பார்த்ததில்லை, மைதானத்தையும் பார்த்ததில்லை. ஆனால் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டும்போது என் நெஞ்சும் அதனோடு ஓடும். குரல் ஒன்றினாலேயே காட்சியை உண்டாக்க முடியும் என்பதை அன்றே உணர்ந்ததனாலோ என்னவோ, வானொலியிலிருந்து படத்துக்குப் போன இந்த மனிதர்மேல் எனக்குத் தனிப்பற்று உண்டாயிற்று.

1926ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் நியூயார்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ஜோனா என்பது இயற்பெயர். பட் என்பது வழங்கும் பெயர். சிறு வயதில் அவருக்குப் பேச்சில் குறை இருந்தது. நாவை வளைக்கத் தெரியாத பையன் நாவினால் பிழைக்கும் தொழிலுக்குப் போவான் என்று யார் நினைத்திருப்பார்கள்? அக்குறையை அவர் முயன்று வென்றார். டபிள்யூ.எச்.என். என்ற நியூயார்க் வானொலி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1948இல் டபிள்யூ.எம்.ஜி.எம். என்று பெயர் மாறிய நிலையம் அது. விளையாட்டு ஒலிபரப்பில் நாட்டிலேயே பேர்பெற்ற அந்த நிலையத்தில், 21 வயதிலேயே விளையாட்டுப் பகுதியின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

அதே நிலையத்தில் மார்ட்டி கிளிக்மன் என்ற புகழ்பெற்ற வருணனையாளரும் பணியாற்றினார். இவர் முன்னாள் ஓட்டக்காரர். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்கத் தொடர் ஓட்ட அணியில் ஓட வேண்டியவர். ஓட்டத்துக்கு முன்பாக இவரும் சாம் ஸ்டோலர் என்பவரும் நீக்கப்பட்டார்கள், இருவரும் யூதர்கள். அவர்கள் இடத்தில் ஓடியவர்களுள் ஒருவர் ஜெஸ்ஸி ஓவன்ஸ். ஓவன்ஸ் பெற்ற நான்காவது தங்கப் பதக்கம் அந்த ஓட்டத்தில் கிடைத்ததே. பதக்கப் பட்டியலில் நான்கு தங்கம் என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அவ்வரிக்குப் பின்னால் ஓடாமல் உட்கார வைக்கப்பட்ட ஒருவர் இருக்கிறார். அவர் கிரீன்ஸ்பான் வேலை பார்த்த நிலையத்திலேயே ஒலிவாங்கி முன் அமர்ந்திருந்தார். எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி அல்லவா இது?

1948இல் இலண்டனில் நடந்த ஒலிம்பிக்கிலிருந்து கிரீன்ஸ்பான் வானொலிக்குச் செய்தி அனுப்பினார். போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆன காலம் அது. அன்று பற்றிய ஒலிம்பிக் பற்று அவரை உயிர் உள்ளவரை விடவில்லை.

வானொலியிலிருந்து படத்துக்கு அவர் தாவிய கதை வேடிக்கையானது. ஓய்வு நேரத்தில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் இசை நாடக அரங்கில் அவர் சின்ன வேடம் போட்டு வந்தார். அரசன் பாடும்போது பின்னால் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு வாய் திறவாமல் நிற்கும் வேடம். அப்படி நின்றவர்களில் ஆஜானுபாகுவான கறுப்பு இளைஞர் ஒருவரும் இருந்தார். பெயர் ஜான் டேவிஸ். இசைப் பாடகராக வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் அவர் சாமானியர் அல்லர். 1938இல், 17 வயதில், வியன்னாவில் பளு தூக்குவதில் உலக வாகை சூடியவர். 1948இல் ஒலிம்பிக் தங்கமும் வென்றவர். ஐரோப்பாவில் அவரைத் தெரியாதவர் இல்லை. சொந்த ஊரில் அவரைத் தெரிந்தவர் இல்லை. உலகத்திலேயே வலிமை மிகுந்த மனிதர் நியூயார்க் மேடையில் ஈட்டி பிடித்துக்கொண்டு நின்றார்!

1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு டேவிஸ் புறப்பட்டபோது கிரீன்ஸ்பானும் படப்பிடிப்புக் கருவியோடு பின்தொடர்ந்தார். டேவிஸ் அங்கே இரண்டாம் முறையாகத் தங்கம் வென்றார். அதைக் குறும்படமாக்கி, உலகின் மிக வலிமையான மனிதர் என்ற பொருள்படும் பெயர் சூட்டினார் கிரீன்ஸ்பான். அப்போது அவருக்கு வயது 25. அந்தப் படத்தை 35,000 டாலர் கொடுத்து வாங்கியது யார் தெரியுமா? அமெரிக்க வெளியுறவுத் துறை! சோவியத் நாட்டோடு பனிப்போர் நடந்த நேரம் அது. அமெரிக்காவில் கறுப்பர்கள் நசுக்கப்படுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு மறுப்பாக வெளிநாடுகளில் காட்ட அந்தப் படம் பயன்பட்டது. அதே காலத்தில் அந்நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பருக்குப் பள்ளி வேறு, பேருந்தில் இருக்கை வேறு. ஒரு மனிதனின் உண்மையான வெற்றி, ஓர் அரசின் அரைகுறை உண்மைக்கு விளம்பரமாயிற்று. கதை சொல்பவன் கையை விட்டுக் கதை போன பிறகு அது யாருக்கு உழைக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

முதல் படம் விலைபோயிற்றே, இனி ஏறுமுகந்தான் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை. விளம்பரப் படங்கள் எடுத்தார். இதழ்களுக்குக் கட்டுரை எழுதினார். வரலாற்றுக் குரல்களைத் தொகுத்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படி ஓடின. 23 வயதில் வாழ்க்கை முடிவாகிவிட வேண்டும் என்று நம்மைச் சுற்றி உள்ளவர்கள் அவசரப்படுத்துகிறார்களே, அவர்களுக்காகவே இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை இங்கே சொல்கிறேன். அக்காலத்தில் செய்த சில்லறை வேலை எதுவும் வீண் போகவில்லை. நொடிக் கணக்கில் கதை சொல்ல விளம்பரம் கற்றுக்கொடுத்தது. குரலின் அருமையை இசைத்தட்டு கற்றுக்கொடுத்தது.

1964இல் அவர் ஜெஸ்ஸி ஓவன்ஸைப் பெர்லினுக்கு அழைத்துச் சென்றார். 1936இல் இட்லர் பார்த்திருக்க, 100 மீட்டர், 200 மீட்டர், நீளத் தாண்டல், தொடர் ஓட்டம் ஆகிய நான்கிலும் ஓவன்ஸ் வென்ற அதே விளையாட்டரங்கம். இப்போது நடுவயதை எட்டிய மனிதர் மீண்டும் அங்கே நடந்து, அந்நாளை நினைவுகூர்கிறார். இந்தப் படத்தில்தான் கிரீன்ஸ்பானின் முறை உருவாயிற்று என்பது என் எண்ணம். பழைய படச்சுருளை மட்டும் ஓட்டிக் காட்டாமல், அதில் ஓடிய மனிதரையே கூட்டி வந்து அதே மண்ணில் நிறுத்துவது, அவர் முகத்தை அருகிலிருந்து காட்டுவது, வருணனையைக் குறைப்பது.

வானொலிக்காரருக்கு இது எளிதன்று. வானொலி கண்ணில்லாத கருவி. அங்கே ஒரு நொடி வாய் மூடினால் உலகமே இருண்டுவிடும். படத்திலோ முகமே பேசுகிறது. அதன்மேல் பேச்சைக் கொட்டினால் முகம் மறைந்துவிடும். பேசிப் பேசிப் பெயர் வாங்கியவர் சும்மா இருக்கும் திறத்தைக் கற்க வேண்டியிருந்தது. பிற்காலத்துப் படங்களில் விளக்கவுரை படித்தவர் அவருடைய உடன்பிறந்தாரான டேவிட் பெர்ரி. தாழ்ந்த, அமைதியான குரல். ஓட்டம் உச்சத்தை அடையும்போதும் அந்தக் குரல் உயர்வதில்லை. நம் நெஞ்சத் துடிப்புதான் உயர்கிறது.

1967இல் அவரும் அவர் மனைவி கான்ஸ்டன்ஸ் பெட்ராஷும் சேர்ந்து படத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார்கள். அம்மையாரின் செல்லப்பெயர் கேப்பி. நிறுவனத்துக்கும் அதே பெயர். அந்நிறுவனம் 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கை ஒட்டி ஒலிம்பியாடு என்ற தொலைக்காட்சித் தொடரைத் தந்தது. பல நாட்டுத் தொலைக்காட்சிகளில் ஓடிய தொடர் அது. 1952இல் முதல் படம். 1976இல் உலகப் புகழ். அப்போது அவருக்கு வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது. மறுஆண்டு வில்மா ருடால்ஃபின் வாழ்க்கையைத் தொலைக்காட்சித் திரைப்படமாக எழுதி இயக்கினார். இளம்பிள்ளை வாதத்தால் காலில் இரும்புச் சட்டம் பூட்டியிருந்த கறுப்புச் சிறுமி, 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற கதை அது.

ஆனால் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை, பதக்கம் எதுவும் பெறாத ஒருவருடையது. 1968 அக்டோபர் 20. கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்சிகோ நகரம். மாரத்தான் ஓட்டம். 75 பேர் புறப்பட்டனர். எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே 2 மணி 20 நிமிடம் 26 விநாடியில் ஓடி முடித்துத் தங்கம் பெற்றார். பரிசளிப்பு முடிந்தது. கூட்டம் கலைந்தது. பொழுதும் சாய்ந்தது. வென்றவர் வந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆன பிறகு, காலில் கட்டுப் போட்ட ஒருவர் அரங்கத்துக்குள் நுழைந்தார். தான்சானியா நாட்டு ஜான் ஸ்டீபன் அக்வாரி. வழியில் விழுந்து முழங்கால் பெயர்ந்து, தோளும் அடிபட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு மீண்டும் ஓடியவர். ஓடுவதும் நடப்பதும் நொண்டுவதுமாக அவர் கோட்டைக் கடந்தபோது, எஞ்சியிருந்த சிலர் எழுந்து கைதட்டினார்கள். ஏன் விலகிக்கொள்ளவில்லை என்று பிறகு கேட்டார்கள். அவ்வளவு தொலைவு தம்மை அனுப்பிய நாட்டுக்குத் தாம் பட்ட கடன் ஓடி முடிப்பதே என்ற பொருளில் அவர் விடை கூறினார்.

அன்று ஓடி முடித்தவர் 57 பேர், அக்வாரி 57ஆவது. 3 மணி 25 நிமிடம் 27 விநாடி. ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் அளவைகளோடு பழகுகிற எனக்கு இந்த எண் ஒரு பாடம். எண் பொய் சொல்லவில்லை. கடிகாரம் சரியாகத்தான் ஓடியது. ஆனால் முழங்காலைச் சுற்றிய கட்டு அந்த எண்ணில் இல்லை. வரைபடத்தில் கோட்டை விட்டு விலகி விழும் புள்ளியைப் பிழை என்று அடித்துவிட நம் கை துறுதுறுக்கிறது. நல்ல ஆசிரியர் என்ன சொல்வார்? அடிப்பதற்கு முன் அது ஏன் அங்கே விழுந்தது என்று பார் என்பார். கிரீன்ஸ்பான் அந்தப் புள்ளிகளைத்தான் வாழ்நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்வாரியின் பெயரை உலகம் இன்றளவும் சொல்கிறது என்றால் அதில் அவர் பங்கு பெரிது.

1983இல் கேப்பி அம்மையார் காலமானார். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். அதன் அதிகாரபூர்வப் படத்தை எடுக்கும் பொறுப்பு கிரீன்ஸ்பானுடையது. துணையை இழந்த துயரத்தோடு அவர் எடுத்த படம், பதினாறு நாள் பெருமை என்ற பொருள் தரும் பெயரோடு வெளிவந்தது. அதிலும் வென்றவர்களோடு ஒரு தோற்றவரும் இருக்கிறார். பிரிட்டனின் டேவ் மூர்கிராஃப்ட், 1982இல் 5,000 மீட்டர் ஓட்டத்தில் 13 நிமிடம் 0.41 விநாடி என்று உலகச் சாதனை படைத்தவர். 1984 இறுதிப் போட்டியில் இடுப்புப் பகுதி வலியால் கால் எடுத்து வைக்க முடியாமல் கடைசியில் ஓடுகிறார். முன்னணியில் ஓடிய சையது அவுயிதா தம்மை ஒரு முழுச் சுற்றுத் தாண்டிவிடுவாரோ என்ற நிலை. மூர்கிராஃப்ட் நிற்கவில்லை. நம் விடுதி விளையாட்டு விழாவில் நெடுந்தொலை ஓட்டத்தின் கடைசி ஆள் இன்னும் இரண்டு சுற்று ஓட வேண்டியிருக்கும்போதே பரிசு மேசையைத் தூக்கி வந்து போடுவார்களே, அந்தக் காட்சியைக் காணும்போதெல்லாம் மூர்கிராஃப்டின் முகம் எனக்கு நினைவு வருகிறது.

இந்த நோக்கு நமக்குப் புதியதும் அன்று. வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர்நீத்தான். வென்ற மன்னனைப் பாட வந்த வெண்ணிக்குயத்தியார், அவன் முகத்துக்கு நேரேயே தோற்ற சேரனின் மேன்மையைச் சொன்னார். படச்சுருள் இல்லாத காலத்தில் ஒரு புலவர் செய்த வேலையைத்தான் கிரீன்ஸ்பான் இருபதாம் நூற்றாண்டில் செய்தார் எனலாம்.

குறை சொல்லாமல் புகழ் மட்டும் பாடினால் இது வரலாறு ஆகாது. கிரீன்ஸ்பானின் படங்களில் எல்லாம் வெளிச்சமாகவே இருக்கிறது என்று கண்டித்தவர்கள் உண்டு. ஊக்க மருந்து, ஊழல், அரசியல் சூழ்ச்சி ஆகிய எதையும் அவர் தொடுவதில்லை என்றார்கள். அவரும் அதை மறைக்கவில்லை. நல்லதைச் சொல்லவே தமக்கு நேரம் போதவில்லை, மற்றதைச் சொல்ல வேறு பலர் இருக்கிறார்கள் என்பது அவர் கட்சி. இதை நான் முழுதும் ஏற்பதற்கில்லை. நோயை மறைத்துவிட்டு உடலழகை மட்டும் காட்டும் படம், எவ்வளவு அழகானாலும், பாதிப் படமே.

இன்னும் நுட்பமான குறை ஒன்று உண்டு. பெர்லின் படத்தில் ஓவன்ஸ் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். நீளத் தாண்டலின் தகுதிச் சுற்றில் தாம் தவறு செய்து தவித்தபோது, செர்மானியப் போட்டியாளர் லுஸ் லாங் தம்மிடம் வந்து, எங்கிருந்து தாண்டினால் தப்பலாம் என்று யோசனை சொன்னாராம். கேட்பவர் கண் கலங்கும் கதை. உலகெங்கும் பரவிய கதை. ஆனால் போட்டி முடியும்வரை தாம் லாங்குடன் பேசியதே இல்லை என்று ஓவன்ஸ் பின்னர் ஒப்புக்கொண்டதாக ஒலிம்பிக் வரலாற்றாசிரியர் டாம் எக்கர் எழுதியிருக்கிறார். எது உண்மை? ஓவன்ஸ் 8.06 மீட்டர் தாண்டி வென்றதும், 7.87 மீட்டர் தாண்டிய லாங் ஓடி வந்து வாழ்த்தியதும், இட்லரின் தலைநகரில் வெள்ளையரும் கறுப்பருமாக இருவரும் கைகோத்து நடந்ததும் உண்மை. 1943இல் லாங் போரில் மாண்டதும் உண்மை. இத்தனை உண்மை இருக்க, யோசனைக் கதை எதற்கு? ஓவன்ஸ் சொன்னதைக் கிரீன்ஸ்பான் நம்பினார். மனிதனின் வாய்மொழியை மதிப்பது அவர் பலம். அதைச் சோதித்துப் பார்க்காதது அவர் பலவீனம். இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை.

எனவேதான் நான் சொல்கிறேன்: எண் மட்டும் போதாது, கதை மட்டும் போதாது. அக்வாரியின் கதையை எண் சொல்லாது; லாங்கின் கதையை எண்களையும் சான்றுகளையும் கொண்டு உரைத்துப் பார்த்தே ஏற்க வேண்டும். அறிவியல் படிக்கிற நாம் கதை சொல்பவரை இளக்காரமாகப் பார்ப்பதும், கலை படிக்கிற நண்பர்கள் அளவுகோலைக் கண்டு முகம் சுளிப்பதும் இம்மன்றத்தில் அடிக்கடி நடப்பவை. இருவர் வேலையும் ஒருவர்க்கே வேண்டியிருக்கிறது என்பதைக் கிரீன்ஸ்பானின் நிறையும் குறையும் சேர்ந்து காட்டுகின்றன.

1985இல் உலக ஒலிம்பிக் குழு தன் உயரிய விருதான ஒலிம்பிக் ஆர்டரை அவருக்கு வழங்கியது. அதன் பின்னும் அவர் ஓயவில்லை. கால்கரி, லில்லிஹாமர், அட்லாண்டா, நாகானோ, சிட்னி என்று பந்தயம் நடந்த இடமெல்லாம் போனார். வழுக்கைத் தலைமேல் மூக்குக்கண்ணாடியை ஏற்றி வைத்திருப்பது அவர் அடையாளம். 2010 தொடக்கத்தில் நடந்த வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கே கடைசி. பார்க்கின்சன் நோயால் நலிந்திருந்த அவர், அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் நியூயார்க்கில் தம் 84ஆம் வயதில் மறைந்தார். அப்போது நான் சின்னஞ்சிறுவன். அவர் பெயரையும் அறியேன். அவர் விட்டுச் சென்ற படங்களே எனக்கு அவரை அறிமுகம் செய்தன.

நண்பர்களே, அடுத்த விளையாட்டு விழாவுக்கு நம் மலர்க் குழு வழக்கம்போல் புகைப்படம் எடுக்கும். கோப்பையோடு நிற்பவர்கள் அழகாக விழுவார்கள். எடுக்கட்டும். கூடவே ஒருவர் கையில் ஏட்டோடு ஓட்டப் பாதையின் ஓரத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கடைசி ஆள் வந்து சேரும்வரை காத்திருந்து, அவருக்குத் தண்ணீர் கொடுத்து, மூச்சு வாங்கி முடிந்ததும் என்ன நடந்தது என்று கேட்டு எழுத வேண்டும். வேறு யாரும் முன்வராவிட்டால் அந்த வேலைக்கு என் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.